வகுப்புக்கு ஒரு கணக்கு போதும்: உயர்நிலை வகுப்புகளில் சமூக ஊடகத்தைப் பாடக் கருவியாக்குவது எப்படி

மாணவர் நோட்டில் எழுதும் கட்டுரையை வாசிப்பவர் ஒரே ஒருவர்தான், அதைத் திருத்தும் ஆசிரியர். அவருக்கு விடை முன்பே தெரியும். விடை தெரிந்தவருக்கு எழுதும்போது விளக்க வேண்டிய அவசியமே எழுவதில்லை. பாடநூல் வரியைத் திருப்பி எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அதே பாடத்தை, அதைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவருக்கு ஒரு நிமிடத்தில் புரியும்படி சொல்லச் சொன்னால் வேலையே மாறிவிடுகிறது. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எந்தப் படம் உதவும், இதற்குச் சான்று எங்கே என்று யோசிக்காமல் ஒரு வரிகூட நகராது. சமூக ஊடகம் வகுப்பறைக்குக் கொடுக்கக்கூடிய பெரிய லாபம் இது.

இந்த லாபத்துக்காக நாற்பது மாணவர்கள் நாற்பது கணக்கு தொடங்க வேண்டியதில்லை, தொடங்கவும் கூடாது. கணக்கு வகுப்புக்கு ஒன்று. அதன் கடவுச்சொல் ஆசிரியர் கையில் இருக்கட்டும். எழுத்தும் படமும் குரலும் மாணவர்களுடையதாக இருக்கட்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஏற்பாட்டை வைத்துத்தான்.

இதற்குக் காரணங்கள் திடமானவை. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவற்றில் கணக்கு வைக்கப் பொதுவான கீழ்வரம்பு 13 வயது. சில நாடுகளில் சட்டமே அதைவிட உயர்வாக நிற்கிறது: ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரிய தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. மாணவர் கணக்கை நம்பி வகுத்த பாடத்திட்டம் இப்படி ஒரு விதி வந்த அன்றே நின்றுபோகும். அடுத்து, போன் இல்லாத மாணவர் எந்த வகுப்பிலும் இருப்பார். அவர் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். மூன்றாவது காரணத்தை ஆசிரியர்கள் பெரும்பாலும் தாமதமாகவே உணர்கிறார்கள். மாணவரின் சொந்தக் கணக்கில் அவருடைய நட்பும் சண்டையும் குடும்பப் படங்களும் இருக்கின்றன. பாடத்துக்காக அதைத் திறக்கச் சொன்னால், ஆசிரியர் பார்க்கக் கூடாததெல்லாம் ஆசிரியர் கண்ணில் படும்.

கணக்கைத் தொடங்கும் முன்

தலைமை ஆசிரியரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதி, ஏதாவது தவறு நடக்கும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது. விண்ணப்பம் ஒரு பக்கம் போதும்: எந்தத் தளம், எந்தப் பாடம், எத்தனை மாதம், யார் யார் கையில் கடவுச்சொல், எது வெளியாகும், எது வெளியாகாது.

‘யார் யார்’ என்பதில் இரண்டு பெரியவர்கள் இருப்பது கட்டாயம். ஒருவர் நீங்கள், மற்றவர் சக ஆசிரியர். ஒருவர் மட்டும் நடத்தும் கணக்கு அவர் விடுப்பில் போனால் அநாதையாகும். அவர்மீது வீண்பழி வந்தால் சாட்சி சொல்ல ஆள் இருக்காது. கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் தொடங்காமல் பள்ளிக்கென உள்ள மின்னஞ்சலில் தொடங்குங்கள். இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதி) இயக்கி, போன் இல்லாதபோது நுழைய உதவும் அதன் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுப் பள்ளி அலுவலகத்தில் உறையிட்டு வையுங்கள். போன் தொலைந்த ஆசிரியரோடு கணக்கும் தொலைவது அடிக்கடி நடக்கும் விபத்து.

பெற்றோருக்குப் போகும் கடிதத்தில் ‘சமூக ஊடகத்தில் பயன்படுத்தச் சம்மதம்’ என்று ஒற்றை வரி போடாதீர்கள். அது எதற்கும் சம்மதம், எதற்கும் சம்மதமில்லை என்று இரண்டு பக்கமும் இழுபடும். தனித்தனிக் கட்டங்கள் வையுங்கள்: எழுதியதை வெளியிடலாமா, வரைந்த படத்தை வெளியிடலாமா, குரலை வெளியிடலாமா, கை மட்டும் தெரியும் வீடியோவை வெளியிடலாமா. முகத்துக்கும் பெயருக்கும் கட்டமே வேண்டாம். அவை வெளியாகப் போவதில்லை. சம்மதம் தராத வீட்டுப் பிள்ளைக்கு அதே வேலை, அதே மதிப்பெண், வெளியீடு மட்டும் வகுப்புச் சுவரில். இதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால், மறுத்தால் பிள்ளையின் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் பெற்றோருக்கு வராது.

கணக்கு திறந்ததும் தனிச்செய்தி வரும் வழியை அடையுங்கள், அல்லது இயன்றவரை கட்டுப்படுத்துங்கள். உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து எந்த மாணவரையும் பின்தொடர வேண்டாம். அவர்கள் அனுப்பும் நட்பு வேண்டுகோளை ஏற்கவும் வேண்டாம். மறுப்பதற்கு மனம் வராதவர்கள் ஆண்டின் முதல் நாளே வகுப்பில் பொதுவாகச் சொல்லிவிடலாம்: ‘நீங்கள் பள்ளியை முடிக்கும்வரை யாருடைய வேண்டுகோளையும் ஏற்க மாட்டேன்.’ எல்லாருக்கும் ஒரே பதில் என்றால் யாருக்கும் வருத்தமில்லை.

இன்ஸ்டாகிராமில் புள்ளிவிவரங்கள் வேண்டுமென்று பலர் கணக்கை ‘தொழில்முறை’ வகைக்கு மாற்றுகிறார்கள். அந்த வகைக் கணக்கைத் தனிப்பட்டதாகப் பூட்ட முடியாது. முதல் இரண்டு மாதம் சாதாரணக் கணக்காகப் பூட்டியே வைத்து, பெற்றோரையும் பிற ஆசிரியர்களையும் மட்டும் வாசகர்களாகச் சேர்த்துப் பழகுங்கள். திறந்துவிடும் முடிவைப் பிறகு எடுக்கலாம்.

வாட்ஸ்அப் குரூப்பை வகுப்பறை என்று எண்ண வேண்டாம்

பல பள்ளிகளில் ‘சமூக ஊடகம் வழியாகக் கற்பித்தல்’ என்றாலே வாட்ஸ்அப் குரூப்தான். அறிவிப்புக்கு அது நல்ல கருவி. பாடத்துக்கு மோசமான இடம். ஒரு கேள்வி கேட்டால் முப்பது ‘ஓகே சார்’, இருபது கைகூப்பும் படம், நடுவில் புதைந்துபோன ஒரு நல்ல சந்தேகம். மறுநாள் அதைத் தேடி எடுக்க யாராலும் முடியாது.

அதைவிடக் கவலைக்குரியது, குரூப்பில் இருப்பவர் எல்லாருடைய எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும் என்பது. ஒரு மாணவியின் எண் இப்படி வெளியே போனபின் அதைத் திரும்ப அழைக்க வழியில்லை. குரூப் அவசியம் என்றால் பெற்றோரின் எண்களை மட்டும் சேருங்கள். குரூப் அமைப்பில் செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என மாற்றுங்கள். புதியவர் சேர அட்மின் ஒப்புதல் வேண்டும் என்பதை இயக்குங்கள். அழைப்பு இணைப்பு கைமாறிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அதை ரீசெட் செய்தால் பழைய இணைப்பு செத்துவிடும். மறையும் செய்திகள் வசதி அணைந்திருக்கட்டும்; யார் எப்போது என்ன சொன்னார் என்ற பதிவு பின்னால் தேவைப்படலாம். மாணவர்களுக்கே நேராக அறிவிக்க வேண்டுமென்றால் டெலிகிராம் சேனல் பொருத்தமானது. அதில் சேர்ந்தவர்களின் பட்டியல் அட்மின்களுக்கு மட்டுமே தெரியும்.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பை வைத்து வினாடி வினா நடத்துபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: யார் எதற்கு வாக்களித்தார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். வகுப்பின் முதல் மாணவர் தேர்ந்த விடைக்கு மளமளவென்று வாக்குகள் குவியும். எத்தனை பேருக்குப் புரிந்தது என்று நீங்கள் அறியப் பார்த்தீர்கள்; யாரை எத்தனை பேர் நம்புகிறார்கள் என்பதுதான் தெரியவரும். டெலிகிராமில் வாக்கெடுப்பைப் பெயர் தெரியாததாக வைக்கலாம். வினாடி வினா முறையைத் தேர்ந்தால் தவறான விடையைத் தொட்டதும் சிறு விளக்கம் காட்டும்படியும் செய்யலாம். அந்த விளக்கத்தை எழுதும் வேலையை மாணவரிடம் கொடுங்கள். ஒரு தவறான விடை ஏன் சரிபோலத் தோன்றுகிறது என்று எழுதத் தெரிந்தவருக்கு அந்தப் பாடம் தெரியும்.

ஒரு பதிவு உருவாகும் விதம்

நாற்பது பேர் கொண்ட வகுப்பை நால்வர் கொண்ட பத்துக் குழுக்களாகப் பிரியுங்கள். வாரத்துக்கு இரண்டு பதிவு என்றால் ஒரு குழுவின் முறை ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வரும். அதைவிட வேகம் கூட்டினால் திருத்தும் உங்களால் தாங்க முடியாது; மூன்றாம் வாரத்தில் திட்டம் படுத்துவிடும். குழுவில் ஒருவர் எழுதுகிறார், ஒருவர் சான்று பார்க்கிறார், ஒருவர் படத்தைக் கவனிக்கிறார். நான்காமவரின் வேலை வித்தியாசமானது: அவர் தன் குழுவின் வரைவை இன்னொரு குழுவிடம் கொண்டுபோய் வாசிக்கவைத்து, அவர்கள் எங்கே நின்றார்கள், எதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று குறித்து வர வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. வெளியே இருக்கும் வாசகருக்கு அருகில் நின்று விளக்க ஆள் கிடைக்காதே.

வரைவு முழுவதும் தாளில். 45 நிமிடப் பாடவேளை இரண்டு போதும். முதலாவதில் எழுதிச் சான்று தேடுவது, இரண்டாவதில் வாசகர் சோதனையும் திருத்தமும். வகுப்புக்கு ஒரு போன் அல்லது ஒரு கணினி இருந்தால் நடக்கும். திருத்திய தாளில் நீங்கள் கையெழுத்திட்ட பிறகே தட்டச்சு. வெளியிடும் பொத்தானை அழுத்துவது எப்போதும் நீங்கள்தான்.

வெளியிடும் முன் ஒவ்வொரு முறையும் ஐந்தைப் பாருங்கள்:

1. முகம், பெயர், சீருடை முத்திரை, பின்னணியில் வருகைப் பட்டியல் ஏதாவது தெரிகிறதா? பதிவின் கீழ் ‘குழு 3’ என்று மட்டும் இருக்கட்டும்.
2. இருப்பிடக் குறியீடு அணைந்திருக்கிறதா? களப்பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகே போடுங்கள்.
3. படமும் இசையும் யாருடையவை? சினிமாப் பாட்டைச் சேர்த்த வீடியோவின் ஒலி முடக்கப்படலாம், வீடியோவே நீக்கப்படலாம். தளத்தின் சொந்த இசை நூலகத்திலிருந்தோ, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படைத்தவரே பிறர் பயன்படுத்த முன்கூட்டி அனுமதித்தது) உள்ளதையோ எடுங்கள். மிகச் சிறந்தது மாணவர் தாமே எடுத்த படம்.
4. தகவல் எங்கிருந்து வந்தது என்ற வரி பதிவிலேயே இருக்கிறதா?
5. பார்வையற்றோருக்காகப் படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரை எழுதியாயிற்றா?

ஐந்தாவதைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள். ‘வரைபடம்’ என்று எழுதினால் சடங்குதான். ‘வெப்பநிலை உயர உயரக் கரைதிறன் கோடு மேலே செல்கிறது, 60 பாகைக்குமேல் செங்குத்தாக ஏறுகிறது’ என்று எழுதும் மாணவர் அந்த வரைபடத்தை வாசித்திருக்கிறார். அறிவியல் வகுப்புக்கு இதைவிட நல்ல பயிற்சி குறைவு.

படத்தின்மேல் தமிழ் எழுத்துகளை இடும்போது வரிகளுக்கிடையே எழுத்தளவைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் விடுங்கள். மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் ஒன்றோடொன்று முட்டினால் போன் திரையில் படிக்க முடியாது. பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டினால் வேறு கருவியில் குப்பையாகத் தெரியும். இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவில் 20 படங்கள்வரை சேர்க்கலாம். ஆனால் ஒரு கருத்துக்கு ஐந்து முதல் ஏழு படம் தாண்டினால் வாசகர் விலகிவிடுவார். குறிப்புரையில் 2200 குறிகள்வரை (கணினி எண்ணும் எழுத்தலகுகள்) இடமிருந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஓரிரு வரிதான். சாரம் அங்கேயே வந்துவிட வேண்டும்.

வீடியோ என்றால் ஒரு நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குமேல் எழுதவிடாதீர்கள், பேசுபவருக்கு மூச்சு முட்டும். ஒலிதான் பெரும்பாலும் கெடும். போனை ஓரடி தூரத்தில் வைத்துக் குரலைத் தனியாகப் பதிந்து பிறகு சேர்ப்பது எளிய வழி. யூடியூபில் ஏற்றினால் ‘பட்டியலிடப்படாதது’ என்ற நிலையில் வையுங்கள். இணைப்பு உள்ளவர் மட்டுமே பார்ப்பார். ஆனால் இணைப்பைப் பகிர்ந்தால் யாரும் பார்க்கலாம் என்பதால் அதைப் பூட்டு என்று நம்ப வேண்டாம்.

சுருக்கி எழுதும் பயிற்சி

எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தின் 280 குறி வரம்பு மொழி வகுப்புக்கும் வரலாற்று வகுப்புக்கும் நேராகப் பொருந்தும். தளத்தையே திறக்க வேண்டாம். வரம்பை மட்டும் கடன் வாங்கினால் போதும். ஒரு போரின் காரணங்களை 280 குறிக்குள் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவரும் எதை வெட்டினார்கள் என்று சொல்லட்டும். வெட்டியதைப் பற்றிய விவாதத்தில்தான் பாடம் இருக்கிறது: காரணத்தை வெட்டித் தேதியை வைத்தவர் ஏன் அப்படிச் செய்தார்?

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது ஐந்து குறி: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. ‘ஸ்ரீ’ நான்கு குறி. அதனால் 280 குறிக்குள் தமிழில் ஏறக்குறைய 30 முதல் 35 சொற்கள்தான் அடங்கும். தாளில் எழுத்தை எண்ணிப் பொருந்துகிறது என்று முடித்த மாணவர் தட்டச்சு செய்யும்போது திகைப்பார். எனவே தாளில் சொல் கணக்கு வையுங்கள்: 30 சொல். இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் எக்ஸ் அதை 23 குறியாகவே எண்ணும். சான்று இணைப்பு சேர்க்க வேண்டுமானால் மூன்று சொல்லைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வரலாற்று நாயகர் பேரில் கற்பனைக் கணக்குத் தொடங்கி எழுதும் பயிற்சி பல இடங்களில் செய்யப்படுகிறது. அதைத் தாளிலோ வகுப்புச் சுவரிலோ மட்டும் செய்யுங்கள். உண்மைத் தளத்தில் இன்னொருவர் பெயரில் கணக்கு வைப்பது ஆள்மாறாட்ட விதியில் சிக்கும். அந்த வரிகளை யாராவது உண்மை மேற்கோள் என்று பரப்பவும் கூடும்.

போன் வீடியோவில் புவியீர்ப்பு

குறுவீடியோ எடுக்கும் ஆசையை இயற்பியல் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டு, போனில் படம்பிடித்து, தரையைத் தொட எத்தனை பிரேம் (வீடியோவின் தனித்தனி நிலைப்படம்) ஆகிறது என்று எண்ணுவது பயிற்சி. கணக்குப்படி 0.64 வினாடி ஆக வேண்டும். வினாடிக்கு 30 பிரேம் என்றால் 19 பிரேம். எண்ணுவதில் ஒரு பிரேம் பிசகினால் நேரத்தில் 5 சதவீதப் பிழை. முடுக்கத்தின் சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால் விடையில் அது 10 சதவீதத்துக்குமேல் ஆகும். அதே வீழ்ச்சியை 240 பிரேம் மெதுவியக்கத்தில் எடுத்தால் 153 பிரேம். ஒரு பிரேம் பிசகு விடையை ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவாகவே அசைக்கும். பிழை எப்படிப் பெருகுகிறது என்பதை மாணவர் கையாலேயே உணர்வார்கள்.

கெடுவது மூன்று இடங்களில். வெளிச்சம் குறைந்தால் பந்து பட்டையாக மங்கும். பல போன்கள் இருட்டில் பிரேம் வேகத்தையும் தாமாகக் குறைத்துவிடும், உங்கள் 30 உண்மையில் 30 ஆக இருக்காது. ஆகவே சன்னலோரத்தில் பகலில் எடுங்கள். அளவுகோல் பந்து விழும் அதே தளத்தில் நிற்க வேண்டும். சுவரில் ஒட்டிய கோலுக்கு முன்னால் அரை மீட்டர் தள்ளிப் பந்து விழுந்தால் உயரம் தவறாகத் தெரியும். கேமரா பாதி உயரத்தில், மூன்று மீட்டர் தள்ளி. மூன்றாவது, மாணவர் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி அதை நீங்கள் எண்ணுவது. அனுப்பும்போது செயலி வீடியோவை மறுபடி சுருக்குகிறது. பிரேம்கள் காணாமல் போகலாம். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது கேபிளில் மாற்றுங்கள். யூடியூபில் ஏற்றியதைக் கணினியில் நிறுத்திவைத்து, முற்றுப்புள்ளி விசையால் ஒரு பிரேம் முன்னும் காற்புள்ளி விசையால் ஒரு பிரேம் பின்னும் நகரலாம். ஆனால் அங்கும் பிரேம் வேகம் மாறியிருக்கலாம், அளவீட்டுக்கு மூலக்கோப்பே பாதுகாப்பு.

வதந்தியைச் சோதிக்கும் வகுப்பு

ஒரே ஒரு பாடம்தான் எடுக்க முடியும் என்றால் இதை எடுங்கள். மாணவர்கள் இந்தத் தளங்களில் நாளும் பார்ப்பதில் எது நம்பத்தக்கது என்று கண்டறிவது எந்தப் பாடத்திலும் பயன்படும் திறமை, அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்காமல் வருவதும் இல்லை.

2016-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு பதிவைக் காட்டினார்கள். உருக்குலைந்த டெய்சிப் பூக்களின் படம். ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் வந்த பிறவிக்கோளாறு என்ற வாசகம். இந்தப் படம் வலுவான சான்றா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 40 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். படம் எங்கே எடுக்கப்பட்டது, யார் போட்டது என்ற கேள்வியைச் சரியாக எழுப்பியவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. அந்தப் பூக்கள் பொய்யல்ல. தண்டு தட்டையாகி இரட்டைப் பூ பூக்கும் அந்தக் கோளாறு கதிர்வீச்சின் நிழல்கூடப் படாத தோட்டங்களிலும் வரும். படம் உண்மை, வாசகத்துக்கோ ஆதாரமில்லை. வகுப்பில் முதலில் பிரித்துக்காட்ட வேண்டியது இதைத்தான்: படமும் வாசகமும் தனித்தனிப் பொருள்கள், தனித்தனியாகச் சோதிக்க வேண்டியவை.

பாடவேளை இப்படிப் போகலாம். முதல் ஐந்து நிமிடம் பதிவைக் காட்டி, நம்புகிறீர்களா என்று தாளில் எழுதி வாங்குங்கள். கை தூக்கச் சொல்லாதீர்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் தூக்குவார்கள். அடுத்த இருபது நிமிடம் தேடல். பதிவையே உற்றுப் பார்ப்பதில் நேரம் செலவிடாமல், உடனே அதைவிட்டு வெளியே போகக் கற்றுக்கொடுங்கள். புதிய தாவலைத் திற. வெளியிட்டவர் யார் என்று மற்றவர்கள் சொல்வதைப் பார். அதே செய்தியை வேறு யார் எழுதியிருக்கிறார்கள் என்று தேடு. படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்சில் அதைப் போடு. அதே வேலையைச் செய்யும் டின்ஐ தளத்தில் பழையது முதலில் என்று வரிசைப்படுத்தலாம், ஆனால் அது காட்டுவது அந்தத் தளம் கண்டதில் பழையதை. உலகில் முதன்முதல் வெளியானது அதற்கும் முந்தியிருக்கலாம். உண்மைச் சரிபார்ப்பாளர்கள் செய்வது இந்தப் பக்கவாட்டு வாசிப்பையே. எழுத்துப் பிழை இருக்கிறதா, வலைத்தளம் அழகாக இருக்கிறதா என்ற பழைய சரிபார்ப்புப் பட்டியல்களைக் கைவிடுங்கள். நன்றாக வடிவமைத்த பொய்கள் அவற்றில் தேறிவிடும்.

கடைசி இருபது நிமிடம் முக்கியமானது. மாணவர் எழுத வேண்டியது ‘உண்மை’, ‘பொய்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தாண்டி மூன்று வரி: என்ன தேடினேன், என்ன கிடைத்தது, இன்னும் என்ன தெரியவில்லை.

இந்தப் பாடத்துக்கு மிகச் சிறந்த ஜோடிப் பதிவுகள் உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய நெடுஞ்சாலையில் காருக்குப் பக்கத்தில் சுறா நீந்தும் படம் 2011-இல் ஐரீன் புயலின்போது போர்ட்டோ ரிக்கோவில் எடுத்ததாகப் பரவியது. 2017-இல் ஹார்வி புயலின்போது அதே படம் ஹூஸ்டன் என்று திரும்பி வந்தது. படகின் பின்னால் சுறா வரும் 2005-ஆம் ஆண்டு வெளியான ஒரு புகைப்படத்திலிருந்து சுறாவை மட்டும் வெட்டி ஒட்டியது அது. மாணவர்கள் இதை எளிதில் பிடித்துவிடுவார்கள், பெருமிதம் கொள்வார்கள். உடனே அடுத்ததைக் கொடுங்கள்: 2022-இல் இயன் புயலின்போது அமெரிக்காவின் ஃபோர்ட் மையர்ஸ் நகரில் ஒரு வீட்டுப் பின்புறத்து வெள்ளத்தில் சுறா போன்ற பெரிய மீன் துள்ளும் வீடியோ. வகுப்பே சிரித்துக்கொண்டு பொய் என்று எழுதும். அது உண்மை வீடியோ. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் மூலக்கோப்பின் தகவல்களைச் சோதித்து உறுதிசெய்தது. எதையும் நம்பாமலிருப்பதும் சோம்பேறித்தனம்தான் என்பதை விரிவுரை இல்லாமலே இந்த இரண்டாவது பதிவு புரியவைக்கும். முதலாவதை மட்டும் நடத்திவிட்டு வகுப்பை முடித்தால், எல்லாமே பொய் என்று உதட்டைப் பிதுக்கும் மாணவர்களைத்தான் உருவாக்கியிருப்பீர்கள்.

வாட்ஸ்அப்பில் ‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்ற இரட்டை அம்புக் குறியையும் விளக்குங்கள். அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்பது அதன் பொருள். பொய் என்று பொருளில்லை. அனுப்பியவர் எழுதியதில்லை என்று மட்டுமே பொருள்.

சோதனைக்கு எடுக்கும் பதிவுகளில் சமயம், சாதி, நடப்புத் தேர்தல் வேண்டாம், முதல் சில மாதங்களுக்காவது. வீட்டில் தந்தை அனுப்பிய செய்தியைப் பிள்ளை வகுப்பில் பொய்யென்று நிறுவ வேண்டிய நிலையை உருவாக்காதீர்கள். விலங்கு, வானியல், மருந்து, உணவு பற்றிய வதந்திகளே ஓராண்டுக்குப் போதுமான அளவு கிடைக்கும்.

கமெண்ட், மதிப்பெண், திரை

கமெண்ட் பகுதி தொடக்கத்தில் அணைந்தே இருக்கட்டும். கமெண்ட் எழுதும் பழக்கத்தை வகுப்புக்குள் ஒட்டுத்தாளில் தொடங்குங்கள். ஒவ்வொரு கமெண்டிலும் பதிவிலிருந்து ஒரு வரி மேற்கோளாக வர வேண்டும், அதைப் பற்றி ஒரு கருத்து, ஒரு கேள்வி. ‘சூப்பர்’ செல்லாது. திறந்துவிடும் காலம் வந்தால் ஒப்புதலுக்குப் பின் வெளியாகும் வசதி உள்ள தளத்தில் மட்டும் திறந்து, 48 மணி நேரத்தில் மூடிவிடுங்கள். நள்ளிரவில் வருவதைக் காத்துக்கொண்டு யாரும் உட்கார முடியாது.

மதிப்பெண் 20 என்றால் தகவல் சரியாக இருப்பதற்கு 8, சான்றுக்கு 4, அறியாதவருக்குப் புரிவதற்கு 4, வாசகர் சோதனைக்குப் பின் செய்த திருத்தத்துக்கு 4. லைக்குக்கும் பார்வை எண்ணிக்கைக்கும் ஒரு மதிப்பெண்கூடத் தராதீர்கள். தந்தால் உறவினர் அதிகமுள்ள மாணவர் ஜெயிப்பார். அந்த எண்களைக் கணித வகுப்புக்கு அனுப்பலாம்: பார்த்தவர்களில் எத்தனை விழுக்காடு பேர் சேமித்தார்கள், முப்பது பேர் பார்த்த பதிவை வைத்து முடிவு சொல்லலாமா என்று கேட்க நல்ல தரவு அது.

தளத்தை வகுப்புத் திரையில் நேரடியாகத் திறக்க வேண்டாம். உங்கள் கணக்குக்கேற்ற பரிந்துரைகளும் விளம்பரங்களும் நாற்பது பேர் முன் விரியும். போனைத் திரையோடு இணைத்திருந்தால் வீட்டிலிருந்து வரும் செய்தியும் விரியும். பிரவுசரில் பாடத்துக்கென்று தனிச் சுயவிவரம் உருவாக்கி, தேவையான தாவல்களை முன்பே திறந்துவைத்து, அறிவிப்புகளை அணைத்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

தவறு நடந்தால்

கேலி, மிரட்டல், இழிசொல் வந்தால் பதில் எழுதாதீர்கள். நேரமும் கணக்கின் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணைப்பையும் குறித்துவைத்து, பிறகு மறைத்து, தளத்துக்குப் புகார் செய்யுங்கள். தலைமை ஆசிரியருக்கு அன்றே எழுத்தில் தகவல் போக வேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் வீட்டுக்கும் அன்றே. வரிசை மாறி முதலில் நீக்கிவிட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, எல்லா ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டியது. ஒரு மாணவரின் அந்தரங்கப் படம் சுற்றுகிறது என்று தெரிந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும் கூடாது, சேமிக்கவும் கூடாது, சான்றுக்கென்று யாருக்கும் அனுப்பவும் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம், நல்ல நோக்கம் அங்கே காப்பாற்றாது. யார் சொன்னார், எப்போது சொன்னார், எந்தத் தளம் என்பதை மட்டும் எழுதி, தலைமை ஆசிரியர் வழியாகக் காவல்துறைக்குக் கொண்டுபோங்கள். படத்தை நீக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் மாணவரின் கருவியை விட்டு வெளியே போகாமல் அதன் எண்முத்திரை (படத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாளக் குறியீடு) மட்டும் பங்கேற்கும் தளங்களுக்குச் செல்லும். அந்தப் பிள்ளையிடம் முதல் வார்த்தையாக ‘ஏன் அனுப்பினாய்’ என்று கேட்காதீர்கள். கேட்டால் அதன்பின் உங்களிடம் எதுவும் சொல்லமாட்டார்.

பதிவில் தகவல் பிழை என்று வாசகர் சுட்டினால் சத்தமில்லாமல் நீக்கிவிட வேண்டாம். திருத்தத்தைத் தேதியோடு அதே இடத்தில் எழுதும் வேலையை அந்தக் குழுவே செய்யட்டும்.

ஆண்டு முடிவில்

இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே புதிய பதிவுகளை நிறுத்துங்கள். தளத்தின் அமைப்பில் உள்ள தகவல் பதிவிறக்க வசதியால் எல்லாவற்றையும் ஒரு கோப்பாக எடுத்துப் பள்ளிக் கணினியில் வையுங்கள். பெரிய கணக்கென்றால் கோப்பு தயாராகச் சில நாள் ஆகலாம், கடைசி நாளுக்கு விடாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தன் பதிவுகளின் நகலைக் கொடுங்கள். எதை நீக்க வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள், காரணம் கேட்காமல் நீக்குங்கள். பெற்றோர் தந்த சம்மதம் அந்த ஓராண்டுக்குத்தான்; மீதமுள்ள பதிவுகளைக் காப்பகப்படுத்தி மறைத்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றி, புதிய மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு அலுவலக உறையில் பழையவற்றுக்குப் பதிலாக வையுங்கள்.